சிறு சொகுசுக் கப்பல் பயணம்: முதலில் கப்பலா, ஊரா?

64 பேர் ஏறும் ‘சீ கிளவுட்’ பாய்மரக் கப்பலையும் ‘சிறு சொகுசுக் கப்பல்’ என்றுதான் விற்கிறார்கள், 600 பேர் ஏறும் ‘சீபோர்ன் என்கோர்’ கப்பலையும் அப்படித்தான் விற்கிறார்கள். இத்தனை பணம் கொட்டிப் போய்வந்தவர்கள் குறை சொல்லும்போது, கப்பல் மோசம் என்றோ ஊர் மோசம் என்றோ சொல்வது அபூர்வம். அந்த ஊருக்கு அந்தக் கப்பல் பொருந்தவில்லை என்பதுதான் பெரும்பாலான குறைகளின் சாரம். பனிப் பிரதேசத்துக்குப் போய் வரிசையில் காத்திருந்தவர்கள், வெனிஸ் என்று நம்பி ஏறி வேறு ஊரில் இறங்கியவர்கள், கப்பலின் பின்பக்கம் கடலில் இறங்கி நீந்த நீச்சல் மேடை இருக்கிறதே என்று பதிவு செய்து அது ஒருநாள்கூடத் திறக்கப்படாமல் திரும்பியவர்கள் எல்லாம் இந்த வகைதான்.

கப்பலைப் பார்த்துத் தேர்வு செய்வதா, இடத்தைப் பார்த்தா என்பதை ரசனைக்கு விட வேண்டியதில்லை. வழித்தடமே பதில் சொல்லிவிடும். போகும் இடத்தில் சட்டமோ பனியோ ஆழமோ கப்பலின் அளவைக் கட்டுப்படுத்தினால் இடம் முதலில், கப்பல் பிறகு. அப்படி எந்தக் கட்டுப்பாடும் இல்லை, விழித்திருக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் கப்பலிலேயே கழியும் என்றால் கப்பல் முதலில். கீழே உள்ள படிகளை இந்த வரிசையிலேயே செய்யுங்கள். பிரசுரத்தில் அறைப் படங்களைப் பார்த்துவிட்டு இந்தக் கணக்கைப் போட்டால் மனம் ஏற்கெனவே ஒரு பக்கம் சாய்ந்திருக்கும்.

படி 1: அந்த இடத்தில் ஆள் கணக்குக்கு வரம்பு உண்டா?

இதற்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும்.

அண்டார்க்டிகாவை எடுத்துக்கொள்வோம். ஓர் இடத்தில் ஒரே நேரத்தில் 100 பயணிகளுக்கு மேல் கரையில் இருக்கக் கூடாது. 20 பயணிக்கு ஒரு வழிகாட்டியாவது வேண்டும். ஓர் இடத்தில் ஒரு சமயம் ஒரு கப்பல்தான் நிற்கலாம். 500 பேருக்கு மேல் ஏற்றிச் செல்லும் கப்பலிலிருந்து யாரும் கரை இறங்கவே முடியாது, டெக்கில் நின்று பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். இத்தனையையும் மனத்தில் வைத்துக் கப்பலின் ஆள் கணக்கைப் பாருங்கள். 100 பேருக்குள் என்றால் எல்லோரும் ஒன்றாக இறங்கலாம். 200 பேர் என்றால் கல்யாணப் பந்தி மாதிரி இரண்டு பந்தி: பாதிப் பேர் கரையில் இருக்கும்போது மீதிப் பேர் சோடியாக் ரப்பர் படகில் பனிப்பாறைகளைச் சுற்றி வருவார்கள், ஒன்றரை மணி நேரம் கழித்து மாறிக்கொள்வார்கள். இது ஏமாற்றமே இல்லை, படகுச் சுற்றும் பார்க்க வேண்டியதுதான். 450 பேர் என்றால் ஐந்து பந்தி. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று இரண்டு முறை வெளியே போக வேண்டிய நாளில் ஒருமுறை போவதே பெரிய காரியம்.

இந்த 200 என்ற எண்ணை மறக்காதீர்கள். அண்டார்க்டிகாவில் சில இறங்குமிடங்களின் விதிகள் அதற்கு மேல் ஏற்றிய கப்பலை அனுமதிப்பதில்லை. ‘சீனிக் எக்லிப்ஸ்’ மற்ற கடல்களில் 228 பேரை ஏற்றினாலும் துருவக் கடலில் 200 பேரோடு நிறுத்திக்கொள்வது இதையெல்லாம் மனத்தில் வைத்துத்தான். அதனால் நிறுவனத்திடம் கேட்க வேண்டிய கேள்வி ‘கப்பலில் எத்தனை பேர் ஏறலாம்’ என்பதல்ல. ‘இந்தப் பயணத்தில் எத்தனை பேரை ஏற்றுவீர்கள்’ என்பது.

நார்வேக்கு வடக்கே ஆர்க்டிக் கடலில் உள்ள ஸ்வால்பார்ட் தீவுகளில் வரம்பு இன்னும் நேரடியானது. 2025 ஜனவரி 1 முதல், பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குள் 200 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல் போகக் கூடாது; அந்தப் பகுதிகளில் குறிக்கப்பட்ட 43 இடங்களில் மட்டுமே இறங்கலாம். பனிக்கரடியிடமிருந்து 300 மீட்டர் விலகி நிற்க வேண்டும், மார்ச் முதல் ஜூன் வரை 500 மீட்டர். இந்தத் தேதிக்கு முன் எழுதப்பட்ட பயணக் குறிப்புகளில் கரடி படகுக்குப் பக்கத்தில் வந்த படம் இருக்கும். அதை எதிர்பார்த்துப் போகாதீர்கள், நல்ல பைனாகுலர் வாங்கிக்கொண்டு போங்கள்.

கலாபகோஸ் தீவுகளில் எந்தக் கப்பலும் 100 பயணிகளைத் தாண்ட முடியாது, ஒரே கப்பல் ஒரே இடத்துக்கு 14 நாளுக்குள் திரும்பி வரவும் கூடாது. அதனால் ஒவ்வொரு கப்பலும் இரண்டு வழித்தடங்களை மாற்றி மாற்றி ஓடும். இங்கே அறையின் அளவைவிட, நீங்கள் ஏறும் வாரத்தில் எந்த வழித்தடம் என்பதுதான் முக்கியம். பறக்காத நீர்க்காகம் பெர்னாண்டினா தீவிலும் இசபெலா தீவின் வடக்கு, மேற்குக் கரைகளிலும் மட்டும்தான் உண்டு. அல்பட்ராஸ் பறவை எஸ்பன்யோலா தீவில் ஏப்ரல் முதல் டிசம்பர் வரைதான் இருக்கும். இரண்டும் ஒரே வாரத்தில் அமைவது அரிது. எதைப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டு, அந்த வழித்தடம் எந்த வாரம் வருகிறது என்று கேட்டு, கடைசியில் கப்பலைத் தேடுங்கள். ‘சில்வர் ஒரிஜின்’ போன்ற 100 பேர் கப்பலில் ஆட்டம் குறைவு, அறை பெரிது. 16 பேர் படகில் கரைக்கு இறங்குவதும் திரும்ப ஏறுவதும் சட்டென்று முடியும், ஆனால் இரவுப் பயணத்தில் நன்றாக ஆடும்.

நார்வேயில் சிறு கப்பல் என்பதே பாதகமாகலாம். கெய்ராங்கர், நேரோய் உள்ளிட்ட உலகப் பாரம்பரிய ஃபியோர்டுகளில் (மலைகளுக்கு நடுவே நுழையும் குறுகிய கடல் கால்கள்) புகையற்ற எரிபொருள் விதி 10,000 ஜி.டி.க்கு (கப்பலின் உள் கொள்ளளவைச் சொல்லும் எண்) குறைந்த பயணிக் கப்பல்களுக்கு 2026 ஜனவரியிலேயே வந்துவிட்டது; பெரிய கப்பல்களுக்கு 2032 வரை அவகாசம். அழகான சின்னக் கப்பலில் பதிவு செய்கிறீர்கள் என்றால், அது கெய்ராங்கருக்குள் போகிறதா, பக்கத்து ஃபியோர்டோடு திரும்பிவிடுகிறதா என்று எழுத்தில் வாங்குங்கள்.

வெனிஸ்: 2021 ஆகஸ்ட் முதல் 25,000 ஜி.டி.க்கு மேற்பட்ட, அல்லது 180 மீட்டரைவிட நீளமான, அல்லது 35 மீட்டரைவிட உயரமான கப்பல்கள் சான் மார்க்கோ சதுக்கத்துக்கு முன்னால் உள்ள நீரிலும் ஜுடெக்கா கால்வாயிலும் வரக்கூடாது. ஆடம்பரக் கப்பல்களில் பல இந்த வரம்பைத் தாண்டியவை. 500, 600 பேர் கப்பல்கள் சுமார் 30,000 முதல் 42,000 ஜி.டி. வரை இருக்கும். அவை ஃபுசீனா, கியோஜ்ஜா, திரியெஸ்தே, ரவென்னா என்று எங்காவது நிற்கும். ‘வெனிஸ்’ என்று அச்சடித்த பயணத்தில் ரவென்னாவிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் போக வேண்டியிருக்கும்.

படி 2: மணிக்கணக்கு

வரம்பு எதுவும் இல்லாத இடம் என்றால் காகிதத்தை எடுங்கள். ஒவ்வொரு துறைமுகத்துக்கும் வந்து சேரும் நேரம், கிளம்பும் நேரத்தை எழுதுங்கள். வந்த பிறகு அனுமதி கிடைத்து இறங்க அரை மணி முதல் ஒரு மணி வரை போகும், கிளம்புவதற்கு அரை மணி முன்னால் கப்பலுக்குள் இருக்க வேண்டும். காலை 8 முதல் மாலை 6 வரை என்று போட்டிருந்தால் கையில் நிற்பது எட்டரை முதல் ஒன்பது மணி. கப்பல் கடலிலேயே நின்று, டெண்டர் எனும் சின்னப் படகில் கரை போக வேண்டிய இடமென்றால் இன்னும் ஒரு மணி கழியுங்கள். மொத்தத்தைக் கூட்டி, ஒரு நாளைக்கு 16 மணி என்று வைத்துப் பயண நாட்களின் விழிப்பு நேரத்தோடு ஒப்பிடுங்கள்.

குரோஷியாவின் டால்மேஷியக் கரையில் ஏழு இரவுப் பயணத்தில் பாதிக்கு மேல் கரையில் கழியும். ஏப்ரலிலும் நவம்பரிலும் கப்பல்கள் அட்லாண்டிக்கைக் கடக்கும் இடமாற்றப் பயணத்தில் தொடர்ந்து ஆறேழு நாள் கடலிலேயே இருக்கும். விலை கவர்ச்சியாக இருப்பதும் அதனால்தான். அங்கே ஊரைப் பற்றிப் பேசவே வேண்டாம். நூலகம், உணவகங்களின் எண்ணிக்கை, நடக்க இடம் உள்ள டெக், அறை அளவு இவைதான் பயணம். 112 பேர் ஏறும் ‘சீட்ரீம்’ கரீபியன் தீவுகளில் ஒரு வாரத்துக்கு அருமை. அதில் பால்கனி அறையே கிடையாது. அதிலேயே பன்னிரண்டு நாள் நடுக்கடல் என்றால் பலருக்கு மூச்சு முட்டும்.

கணக்கு என்ன சொன்னாலும், மூன்று பேர் மட்டும் கப்பலை முதலில் பார்க்க வேண்டும்: முழங்கால் வலி உள்ளவர், சக்கர நாற்காலி தேவைப்படுபவர், கடல் ஆட்டம் ஒத்துக்கொள்ளாதவர். சின்னக் கப்பல்கள் பலவற்றில் லிஃப்ட் இல்லை, இருந்தாலும் எல்லா டெக்குக்கும் போகாது. சோடியாக்கில் ஏற, அலையில் ஏறி இறங்கும் ரப்பர் விளிம்பில் கால் வைத்துத் தாண்ட வேண்டும். மாலுமி முழங்கைக்குக் கீழே பிடிப்பார், நீங்களும் அவர் கையை அப்படியே பிடிக்க வேண்டும். இதைச் செய்ய முடியாதவரைக் கரையில் இறக்க மாட்டார்கள்.

படி 3: ஊர் பெயரல்ல, துறைமுகத்தின் பெயர்

பிரசுரத்தில் ‘ரோம்’ என்றால் நிற்பது சிவிதாவெக்கியா, அங்கிருந்து ரோம் சுமார் 80 கிலோமீட்டர். ‘ஃபுளோரன்ஸ்’ என்றால் லிவோர்னோ. ‘பாரிஸ்’ என்றால் லெ ஹாவ்ர், ஏறக்குறைய 200 கிலோமீட்டர். ‘பாங்காக்’ என்றால் பெரும்பாலும் லேம் சபாங், ஊருக்குள் போகவே இரண்டு மணி நேரம். சிறு கப்பலுக்குக் கூடுதல் பணம் கொடுப்பதன் நியாயம் இங்கேதான் தெரிய வேண்டும்: சாவோ பிரயா ஆற்றில் ஏறிப் பாங்காக்கின் கிளாங் தோய் வரை, குவாதல்கிவிர் ஆற்றில் செவில் வரை, கரோன் ஆற்றில் போர்தோ நகர நடு வரை, தேம்ஸ் நதியில் கிரீனிச் வரை சிறு கப்பல்கள் போகும். பெரிய கப்பல் நிற்கும் அதே துறைமுகத்தில் உங்கள் சின்னக் கப்பலும் நிற்கிறது என்றால், நீங்கள் கொடுக்கும் கூடுதல் காசு உணவுக்கும் சேவைக்கும் மட்டும்தான்.

கிரேக்கத்தின் கொரிந்த் கால்வாய் போன்ற பெயர்கள் விளம்பரத்தில் இருந்தால் சற்று நிதானியுங்கள். 1893-இல் திறந்த அந்தக் கால்வாய் அடியில் 21 மீட்டர்தான் அகலம். பாறைச் சரிவால் 2021-இல் மூடி, பிறகு பருவம் பார்த்துத்தான் திறந்தார்கள். அதற்காகவே ஒரு கப்பலைத் தேர்ந்தெடுக்காதீர்கள், கிடைத்தால் லாபம்.

படி 4: மாதம்

சின்னக் கப்பலுக்குக் காற்று பெரிய எதிரி. ஈஜியன் கடலில் ஜூலை, ஆகஸ்டில் வடக்கிலிருந்து மெல்தெமி காற்று அடிக்கும். மிகோனோஸ், சாண்டோரினி மாதிரி இடங்களில் டெண்டர் இறக்க முடியாமல் கப்பல் திரும்பிவிடும். மே மாத இறுதி, செப்டம்பர் பின்பாதி என்றால் தீவுகள் கைக்கு வரும். கலாபகோஸில் டிசம்பர் முதல் மே வரை வெப்பம், கடல் அமைதி. ஜூன் முதல் நவம்பர் வரை நீர் குளிர்ந்து அலை கூடும், மீன்களும் கடல் சிங்கங்களும் சுறுசுறுப்பாக இருப்பதும் அப்போதுதான். அண்டார்க்டிகாவில் நவம்பரில் பனி சுத்தமாக இருக்கும், டிசம்பர் கடைசியிலிருந்து பென்குயின் குஞ்சுகள் வரும், பிப்ரவரி, மார்ச்சில் திமிங்கிலங்கள். தென் அமெரிக்காவுக்கும் அண்டார்க்டிகாவுக்கும் நடுவே கொந்தளிக்கும் டிரேக் கடல்பாதையைக் கடக்கப் போக இரண்டு நாள், வர இரண்டு நாள். இதற்குப் பயந்தால் சிலியின் புந்தா அரினாசிலிருந்து கிங் ஜார்ஜ் தீவுக்கு விமானத்தில் போய்க் கப்பல் ஏறும் பயணங்கள் உண்டு. அங்கே பனிமூட்டம் வந்தால் விமானம் ஒரு நாள், இரண்டு நாள் தாமதமாகும். ஆட்டத்துக்குப் பதில் காத்திருப்பு, அவ்வளவுதான்.

படி 5: இனிக் கப்பலைப் படியுங்கள்

முதலில் இட வசதி. ஜி.டி. என்பது எடை இல்லை, கப்பலின் உள் கொள்ளளவு. அதைப் பயணிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு எண் வரும். ‘எவ்ரிமா’ சுமார் 26,500 ஜி.டி., 298 பேர்: கிட்டத்தட்ட 89. ‘சீபோர்ன் என்கோர்’ சுமார் 69. ‘சீட்ரீம்’ 40-க்குக் கீழே. 60-க்கு மேல் இருந்தால் நெரிசல் தெரியாது. 40-க்குக் கீழே என்றால் வாழ்க்கை திறந்த டெக்கில்தான், எனவே வெப்பக் கடலுக்கு மட்டும்.

அடுத்து டெக் வரைபடம். நடுப்பகுதியில், கீழ் டெக்கில் இருக்கும் அறையில் ஆட்டம் குறைவு. முன்பக்க அறைகளில் காலை ஐந்தரைக்கு நங்கூரச் சங்கிலி இறங்கும் சத்தம் எழுப்பிவிடும். நீச்சல்குளத்துக்கு நேர் கீழே உள்ள அறையில் விடியற்காலையில் நாற்காலி இழுக்கும் சத்தம். வரைபடத்தில் இரண்டு அறைகளுக்கு நடுவே சின்ன அம்புக்குறியோ முக்கோணமோ இருந்தால் அது இணைப்புக் கதவு, பக்கத்து அறையின் பேச்சு கேட்கும். ‘கேரண்டி’ விலை மலிவு, ஆனால் அறை எண்ணை நிறுவனம்தான் தேர்வு செய்யும். மேலே சொன்ன அறைகள் அப்படித்தான் நிரம்புகின்றன. தூக்கம் மெல்லியவர்கள் அதைத் தொட வேண்டாம்.

ஸ்டெபிலைசர் இருக்கிறதா என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். அது பக்கவாட்டு ஆட்டத்தை மட்டும் குறைக்கும், முன்னும் பின்னும் தூக்கிப் போடுவதைக் குறைக்காது. சாதாரண வகை, கப்பல் ஓடும்போதுதான் வேலை செய்யும். நங்கூரம் போட்டு நிற்கும்போதும் வேலை செய்யும் வகை உண்டா என்பதுதான் சரியான கேள்வி. துருவக் கடல் என்றால் பனித் தரமும் (பி.சி., அதாவது போலார் கிளாஸ்; எண் குறையக் குறைய வலிமை கூடும்) கேளுங்கள். கோடைக் காலத்து அண்டார்க்டிகாவுக்கு பி.சி.6 போதும். ‘ல கமாண்டன்ட் ஷார்க்கோ’ மாதிரி பி.சி.2 கப்பலுக்குப் பணம் கொடுப்பது, வட துருவம் போன்ற, மற்ற கப்பல்கள் போக முடியாத பனிக்குள் அது போகும் பயணத்துக்கு மட்டுமே நியாயம்.

நீர்மூழ்கி, ஹெலிகாப்டர், கயாக் எல்லாம் விளம்பரத்தில் முதல் பக்கத்தில் இருக்கும். கணக்குப் போடுங்கள்: ‘சீபோர்ன் வென்ச்சர்’ கப்பலில் 264 பேர், நீர்மூழ்கிகள் இரண்டு, ஒன்றில் ஆறு பயணிகள். கடல் அமைதியாக இருந்தால்தான் இறக்குவார்கள். கட்டணமும் தனி. பின்பக்க நீச்சல் மேடையும் அப்படியே: நங்கூரம் போட்டிருக்க வேண்டும், அலை இருக்கக் கூடாது, உள்ளூர் துறைமுக அதிகாரி அனுமதிக்க வேண்டும். இவற்றுக்காக ஒரு கப்பலை விரும்பலாம், இவற்றை நம்பி வாங்கக் கூடாது.

படி 6: விலையை ஒரே தட்டில் வைப்பது

ஒருவருக்கு, ஓர் இரவுக்கு என்று மாற்றுங்கள். ஒரு நிறுவனம் விமானம், டிப்ஸ், மது, கரைச் சுற்றுலா எல்லாவற்றையும் சேர்த்திருக்கும், இன்னொன்று அறையும் சாப்பாடும் மட்டும் சொல்லியிருக்கும். விடுபட்டதைச் சேர்த்த பிறகே ஒப்பிட வேண்டும். துறைமுக வரி, பூங்கா நுழைவுக் கட்டணம் தனியா என்று பாருங்கள்; கலாபகோஸில் வெளிநாட்டுப் பெரியவருக்கு 2024 ஆகஸ்ட் முதல் 200 டாலர். மது குடிக்காதவர் ‘எல்லாம் உட்பட’ விலையில் மற்றவரின் பில்லுக்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறார். தனியாகப் போகிறவருக்கு வழக்கமாக இரட்டை விலை. சில பயணங்களில் 25 சதவீதக் கூடுதலோடு விடுவார்கள், அந்தத் தேதிகளைக் கேட்டு வாங்குங்கள்.

புதுக் கப்பலின் முதல் பருவம் பற்றி எச்சரிக்கை வேண்டும். ‘எவ்ரிமா’ 2020 பிப்ரவரியில் கிளம்பும் என்று அறிவிக்கப்பட்டு, கிளம்பியது 2022 அக்டோபரில். ‘கிறிஸ்டல் எண்டெவர்’ 2021-இல் வந்தது. அடுத்த ஜனவரியில் அதன் தாய் நிறுவனம் சரிந்தது. கப்பல் கைமாறி ‘சில்வர் எண்டெவர்’ ஆனது. நிறுவனம் மூடினாலும் பணம் திரும்பும் வகை இன்ஷூரன்ஸ் வாங்குங்கள், முன்பணத்தை கிரெடிட் கார்டில் கட்டுங்கள். இந்திய ஏஜென்ட்டிடம் பேக்கேஜாக வாங்கினால் டி.சி.எஸ். என்ற வரியை விலையோடு சேர்த்துப் பிடிப்பார்கள். அதன் விகிதம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறுவதால், பணம் கட்டும் அன்றைய விகிதத்தைக் கேளுங்கள்.

படி 7: விசா, சாப்பாடு, கிளம்பும் நாள்

இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்காரர்கள் விழும் குழி ஒன்று உண்டு. குரோஷியா 2023 முதல் ஷெங்கனுக்குள் (ஐரோப்பிய நாடுகள் பலவற்றின் பொது விசாப் பகுதி), மான்டினீக்ரோ வெளியே. குரோஷியாவின் டூப்ரோவ்னிக், மான்டினீக்ரோவின் கோட்டோர், மறுபடி குரோஷியாவின் ஸ்பிளிட் என்று போகும் பயணத்தில் நீங்கள் ஷெங்கனை விட்டு வெளியேறி மீண்டும் நுழைகிறீர்கள். ஒருமுறை நுழைவு விசா இருந்தால் கப்பலேற விட மாட்டார்கள். துருக்கியைத் தொட்டு வரும் கிரேக்கப் பயணமும் அப்படியே. ஸ்வால்பார்ட் நார்வேக்குச் சொந்தம், ஆனால் ஷெங்கனுக்கு வெளியே. ஆஸ்லோ வழியாகப் போய்வர பலமுறை நுழைவு விசா வேண்டும். தஹிதிக்குச் சாதாரண ஷெங்கன் விசா செல்லாது, பிரெஞ்சு பாலினீசியாவுக்கு என்று தனியாக வாங்க வேண்டும். லாஸ் ஏஞ்சலஸ் வழியாக விமானம் என்றால் அமெரிக்க விசாவும்.

சைவச் சாப்பாட்டைப் பதிவு செய்யும் அன்றே எழுதிக் கொடுங்கள். முட்டை, மீன் சாறு, சீஸில் உள்ள ரென்னட் (கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருள்) வரை எது வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். சின்னக் கப்பலில் ஒரே சமையலறை, சரக்கு கிளம்பும் துறைமுகத்தில் ஏற்றுவதோடு சரி. ஏறிய பிறகு சொன்னால் பாஸ்தாவும் சாலடும்தான் தினமும். இன்ஷூரன்ஸில் கடலிலிருந்து மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லும் செலவு எவ்வளவு வரை என்று பாருங்கள். துருவப் பயண நிறுவனங்கள் குறைந்தபட்சத் தொகை விதிக்கும், சான்றிதழ் இல்லாமல் ஏற்ற மாட்டார்கள்.

கப்பல் கிளம்பும் ஊருக்கு இரண்டு நாள் முன்னதாகப் போய்ச் சேருங்கள். ஐரோப்பாவில் கப்பலைத் தவறவிட்டால் அடுத்த துறைமுகத்தில் பிடிக்கலாம். அண்டார்க்டிகாவுக்குக் கிளம்பும் உஷுவாயாவிலோ ஸ்வால்பார்டின் லாங்யியர்பியனிலோ தவறவிட்டால் அடுத்த துறைமுகமே கிடையாது. பெட்டி பின்தங்குவதும் அந்த ஊர்களுக்குப் போகும் விமானங்களில்தான் அதிகம். மருந்து, கண்ணாடி, ஒரு செட் வெப்ப உள்ளாடை, நீர்புகாத பேன்ட் கைப்பையில் இருக்கட்டும். பார்க்கா எனும் தடித்த குளிர் ஜாக்கெட்டும் பூட்ஸும் பெரும்பாலும் கப்பலில் கொடுப்பார்கள். பூட்ஸ் அளவைப் பதிவின்போதே கேட்பார்கள், தடித்த சாக்ஸ் போட்டு அளந்து சொல்லுங்கள்.